சல்லூமுக்கு எத்தனை மகள்கள்

ரங்கூனுக்குப் போகிறேன் என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "இப்பவா?" என்பதுதான். ஆமாம், பட்டாள ஆட்சியும் சண்டையும் நடக்கிற இப்போதுதான். அங்கிருக்கும் ஒரு தமிழ்ச் சபையின் பெண்கள் ஐந்து நாள் வேதவகுப்பு எடுக்க என்னை அழைத்திருந்தார்கள். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஐந்து நாள் உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்கிறோம் என்று யாராவது சொன்னால் எங்கே வேண்டுமானாலும் போவேன். பாளையங்கோட்டையில் என் வீட்டார் நான் பேசுவதைக் கேட்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது.

தலைப்பை நானே தேர்ந்தெடுத்திருந்தேன். பழைய இஸ்ரவேலில் இடிந்ததைத் திரும்பக் கட்டிய பெண்கள். எருசலேமின் மதில் இடிந்து கிடந்ததையும், நெகேமியா ஜனங்களைக் கூட்டி அதைத் திரும்பக் கட்டியதையும் கோயிலுக்குப் போய் வளர்ந்தவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். யார் எந்தப் பகுதியைக் கட்டினார் என்று வேதாகமத்தில் நீளமாக ஒரு பட்டியல் வரும். ஆசாரியர், தட்டார், தைலம் செய்கிறவர், வியாபாரி என்று பேர் பேராக ஆண்கள் வருவார்கள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் சல்லூம் என்ற ஒரு பெரிய மனிதரும் அவருடைய மகள்களும் கட்டினதாக வரும். மகள்களுக்குப் பெயர் கிடையாது. எத்தனை பேர் என்பதும் கிடையாது. பின்னால் வந்த சில அறிஞர்களுக்கு அந்த ஒரு வரிகூடப் பொறுக்கவில்லை. பெண்களாவது சுவர் கட்டுவதாவது, எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு, அது மகள்களாக இருக்காது, சல்லூமின் ஆளுகையில் இருந்த சிற்றூர்களாக இருக்கும் என்று எழுதிவைத்தார்கள். இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மாட்டினாலும் சொல்லிவிடுவேன். என்னைக் கண்டால் எங்கள் போதகரே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

வந்து இறங்கிய அன்றே டாக்ஸி பசுண்டாங் ஓடைப் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. பெட்ரோல் இருந்தது, உயிர் இல்லை. ஓட்டுநர் தலை நரைத்தவர். என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்துவிட்டு இறங்கித் தள்ளத் தொடங்கினார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தலையில் கீரைக்கட்டோடு வந்த ஒருத்தி கட்டை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளினாள். பள்ளிக்கூட ஆசிரியை மாதிரி இருந்த ஒருத்தி குடையை மடக்கிவிட்டுத் தள்ளினாள். எங்கள் ஊரில் வண்டி நின்றால் இருபது இளைஞர்கள் கூடிவிடுவார்கள். பத்துப் பேர் தள்ளுவார்கள், பத்துப் பேர் எப்படித் தள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். இங்கே பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு இளைஞனைக் காணோம். அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கைமுட்டியில் பட்ட கிரீஸ்தான் கவலையாக இருந்தது.

பாலத்துக்கு அந்தப்பக்கம் தாகேதா. அங்கே ரூத் அம்மாள் வீட்டில் தங்கினேன். பெண்கள் கூட்டத்தின் தலைவி அவர்தான், ஐம்பத்தைந்து வயது. அந்தக் காலத்தில் தாத்தா துரைமார் அலுவலகத்தில் குமாஸ்தா, இவர் வீட்டு வாசலில் மொய்ங்கா விற்கிறார். எல்லோரும் 'டோ ரூத்' என்று பர்மிய மரியாதையோடு கூப்பிடுகிறார்கள். என்னை முதல் நிமிடத்திலேயே 'சயாமா' ஆக்கிவிட்டார்கள், டீச்சரம்மா என்று அர்த்தம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

"வாங்க சயாமா, மீ இப்பத்தான் போச்சு. நாலு மணிநேரம் கழிச்சு வரும். அதுவரைக்கும் வெசிறிதான்" என்று பனையோலை விசிறியைக் கையில் கொடுத்தார். கரண்டைத்தான் மீ என்கிறார்கள்.

மொய்ங்கா மீன் குழம்பில் அரிசிச் சேமியாவைப் போட்டு, வாழைத்தண்டும் பருப்பு வடைத் துண்டுகளும் சேர்த்து, மேலே எலுமிச்சை பிழிந்து தருவது. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். சென்னையில் பர்மாக்காரர்கள் விற்கும் அத்தோ என்கிற நூடுல்ஸ் இங்கே கிடைக்குமா என்று கேட்டேன். "எந்த அத்தோ?" என்றார். இங்கே கையால் பிசைந்து வைத்த எதுவுமே அத்தோதானாம். சோறு, இஞ்சி, தேயிலை, தக்காளி எல்லாம். எங்கள் ஆட்கள் ஒரே ஒரு அத்தோவைத்தான் கப்பலில் கொண்டுவந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனேன். போன மழைக்காலத்தில் ஓடைத்தண்ணீர் ஏறி வந்து பின்பக்க மதில் முழுக்கச் சரிந்திருந்தது. அடுத்த மழைக்குள் எழுப்பாவிட்டால் தண்ணீர் நேராகப் பலிபீடம் வரை வருமாம். பன்னிரண்டு பதினைந்து பெண்கள் செங்கல்லைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். கன்னத்தில் சந்தனம்போல் தனகா பூசி, தமெய்ன் என்கிற பெண்கள் கைலியை முழங்கால்வரை ஏற்றிக் கட்டியிருந்தார்கள். நான் பாடமாகக் கொண்டுவந்தது அங்கே நடந்துகொண்டிருந்தது. கடவுளே என்னை இங்கே அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

கொத்து வேலை செய்தவர் ஒரே ஒரு ஆண். சாமுவேல் மேஸ்திரி, அறுபது வயது, மனைவி இல்லை. மகன் இரண்டு வருடத்துக்கு முன்பு தாய்லாந்து எல்லைப்பக்கம் போனவன், பிறகு பேச்சே இல்லை. மிச்சம் இரண்டு மகள்கள். மூத்தவள் நகோமிக்கு இருபத்துநாலு வயது, ஷ்வேப்யிதாவில் தையல் ஆலையில் வேலை பார்த்தாள். கரண்ட் இல்லாமல் ஆலை பாதிநாள் மூடிக்கிடந்ததால் மதில் வேலைக்கு வந்திருந்தாள். இளையவள் லீதியாளுக்கு இருபது. தமிழ் புரியும், பேசக் கூச்சம். எதையும் பர்மிய மொழியில் சொல்லிவிட்டு அக்காவைப் பார்ப்பாள், அக்கா தமிழாக்குவாள்.

முதல் வகுப்பில் சல்லூமின் மகள்களைப் பற்றி ஒன்றரை மணிநேரம் பேசினேன். எப்பிராயீமின் வம்சத்தில் ஒரு பெண் ஊர்களையே கட்டியதைச் சொன்னேன். வனாந்தரத்தில் பெண்கள் கூடி நூல் நூற்று ஆசரிப்புக்கூடாரம் என்கிற ஆராதனைக் கூடாரத்துக்குக் கொண்டுவந்ததைச் சொன்னேன். முடித்ததும் லீதியாள் ஏதோ கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள்.

"சல்லூம் பொண்ணுங்க சாரத்துல ஏறினாங்களான்னு கேக்கிறா சயாமா" என்றாள் நகோமி.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆணின் தலைக்கு மேலே பெண்ணின் தமெய்ன் போகக்கூடாது, போனால் ஆணின் பலம் குறைந்துவிடும் என்று இந்த ஊரில் ஒரு நம்பிக்கை. பர்மியருடைய நம்பிக்கைதான். ஆனால் நாலு தலைமுறையாக இங்கே இருக்கும் நம் ஜனங்களுக்கும் மொய்ங்காவோடு சேர்ந்து அதுவும் ஊறிவிட்டது. ஆகவே பெண்கள் கல் சுமக்கலாம், கலவை குழைக்கலாம், சாரத்தில் மட்டும் ஏறக்கூடாது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் டோ ரூத் பேசிவிட்டார். "ஏறட்டும் மேஸ்திரி. கீழ நடக்க இப்ப எந்த ஆம்பள இருக்கான்?"

யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி கொத்துக்கரண்டியைத் துடைத்தார். "நான் ஒருத்தன் இருக்கேன்ல" என்றார். பிறகு, "யாபாடே. நான் சுத்திப் போய்க்கிறேன்" என்றார். பரவாயில்லை என்பதற்கு அங்கே யாபாடே.

அன்று மத்தியானமே மகள்கள் இருவரும் சாரத்தில் ஏறினார்கள். மேஸ்திரி மதிலின் இந்தப்பக்கத்திலிருந்து அந்தப்பக்கம் போக வேண்டுமானால் சாரத்தின் கீழே நாலு எட்டு. அந்த நாலு எட்டை நடக்காமல் கோயிலை முழுக்கச் சுற்றி வந்தார். கலவை வேண்டுமென்றால் ஒரு சுற்று, சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு வேண்டுமென்றால் ஒரு சுற்று. லீதியாள் மேலே நின்று வேண்டுமென்றே அதைக் கொடுங்கள் இதைக் கொடுங்கள் என்று கூப்பிட்டு அவரைச் சுற்றவிட்டாள். அவர் திட்டிக்கொண்டே சுற்றினார். அந்த ஐந்து நாளில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் இன்னும் இரண்டு கரண்டி வாங்க நகோமியோடு மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைக்குப் போனேன். ஊரைச் சுற்றிவரும் ரயிலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். பஸ்ஸில் போயிருந்தால் சீக்கிரம் போயிருப்போம். ரயில் ஒரு இடத்தில் நின்று யோசித்தது, பிறகு பின்னால் போனது, பிறகு மறுபடியும் நின்றது. எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். நகோமி காதோடு தமிழில் சொன்னாள்.

"பையன் எங்கேன்னு ஒருத்தி கேக்கிறா. சோறு தின்னப் போயிருக்கான்னு மத்தவ சொல்றா."

"இதில் என்ன?"

"ஒரு வருசமா திங்கிறான் சயாமா. எங்கே போனான்னு யாரும் சொல்லமாட்டாங்க. கேக்கவும் கூடாது."

பையன்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்கிறார்கள் என்று நான் செய்தியில் படித்திருந்தேன். பெண்களையும் எடுப்பார்களா என்று கேட்டேன்.

"சட்டத்துல இருக்கு. இருபத்தேழு வயசு வரைக்கும். பேரு எழுதிக்கிட்டுப் போறதா பேச்சு. இன்னும் யாரும் வரல" என்றாள். சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள். அந்த நேரம் கடலைக்காரி வந்தாள், நான் கடலை வாங்கினேன். என் காதில் விழவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. நன்றாகவே விழுந்தது.

கடைக்காரர் ராமநாதபுரம் கரையிலிருந்து வந்த குடும்பத்து முஸ்லிம். கோணல்மாணலான பழைய கட்டிடத்தில் ஆணி, கரண்டி, கயிறு என்று மூச்சுவிட இடமில்லாத கடை. என் தமிழைக் கேட்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, பாலாடை மிதக்கும் டீ வரவழைத்தார். ரசீதில் கோயில் பெயரைப் போடுங்கள் என்றேன். "பேரு எதுக்குமா? கரண்டி ரெண்டு, போதும்ல" என்று பெயர் இல்லாமலே எழுதிக் கொடுத்தார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் நான் செய்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

மதில் முடிய ஒரு பாகம்தான் பாக்கி. சல்லூமின் மகள்களுக்கு நடந்தது இவர்களுக்கு நடக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. வகுப்புக்குக் கொண்டுவந்த பெரிய சார்ட் அட்டையை எடுத்து, கோடு போட்டு, 'மதிலைக் கட்டிய பெண்கள்' என்று தலைப்பிட்டேன். எந்தப் பாகம், யார் கட்டியது, தகப்பன் பெயர், வயது. முப்பத்தொரு வருடம் வருகைப்பதிவேடு எழுதின கை அல்லவா, கட்டம் கட்டமாக வந்தது. எல்லோரும் படிக்க வேண்டும் என்று நகோமியைக் கேட்டுப் பக்கத்திலேயே பர்மிய எழுத்திலும் எழுத வைத்தேன். அவள் ஒவ்வொரு பெயராக எழுதினாள். தன் பெயரையும் தங்கை பெயரையும் கடைசியில் எழுதினாள். தெருவைப் பார்த்த வாசல் பலகையில் நாலு ஊசி குத்தி மாட்டினேன்.

பெண்கள் வந்து பார்த்தார்கள், சிரித்தார்கள். டோ ரூத் சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து ரொம்ப நேரம் நின்றார். "வயசு எதுக்கு சயாமா?" என்று மட்டும் கேட்டார். "நாளைக்குச் சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு வேண்டாமா?" என்றேன். மேஸ்திரி கைகழுவிவிட்டு வந்து பார்த்தார். மகள்களின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். "எழுத்து நல்லா இருக்கு சயாமா" என்றார்.

இந்த ஊரில் ஆனாடே என்று ஒன்று உண்டு. அடுத்தவர் மனம் சங்கடப்படுமே என்று தன் சங்கடத்தை விழுங்கிக்கொள்வது. விருந்து வைத்தவர் உப்பில்லாமல் சமைத்தாலும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடுவார்கள். அந்த வாசலில் நின்ற ஒவ்வொருவருக்கும் அது யார் கைக்குப் போகக்கூடிய பட்டியல் என்று தெரிந்திருந்தது. ஒருத்தராவது, அந்தச் சபையின் போதகர் உட்பட, என்னிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கடல் தாண்டி வந்த சயாமா. எனக்கு வருத்தமாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் சொல்லாமல் எடுத்துவிடலாம் என்று இருந்தார்களாம்.

மறுநாள் காலை போனபோது பலகையில் நாலு ஊசி மட்டும் இருந்தது. சாரத்தில் ஆள் இல்லை. வாசலைப் பெருக்குகிற அம்மாள்தான் சொன்னாள். விடிந்ததும் சைக்கிளில் ஒரு ஆள் வந்தானாம். பட்டியல் முன்னால் நின்று ஒவ்வொரு வரிசையாகப் படித்தானாம். பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டு போனானாம். யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. வழிப்போக்கனாக இருக்கலாம், நல்ல காரியம் என்று எடுத்திருக்கலாம். இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவன் போன கொஞ்ச நேரத்தில் பட்டியலை எடுத்து அடுப்பில் போட்டார்கள். அவன் போனில் இருந்த படத்தை அழிக்க முடியாதே. ஒரு மணிநேரத்துக்குள் நகோமியும் லீதியாளும் ஆளுக்கொரு துணிப்பையோடு பஸ் ஏறிவிட்டார்கள். அவர்கள் மட்டுமல்ல, இன்னும் மூன்று வீட்டுப் பெண்களும் போனார்கள்.

கடைசி நாள் வகுப்பு பத்து மணிக்கு. வயதான பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போதும் அதே ஆனாடே. சயாமா தயார் பண்ணியிருப்பாரே என்று வந்திருந்தார்கள். நான் வேதப்புத்தகத்தைத் திறந்து வைத்தேன்.

டோ ரூத் எழுந்தார். கோபம் இல்லாமல்தான் கேட்டார். "சயாமா, நாலு நாளும் மதில் கட்டுற எடத்தையே சொன்னீங்க. ரெண்டு அதிகாரம் தள்ளி அதே ஊருப் பொம்பளைங்க கூச்சல் போடுறாங்களே. எங்க மகள்களக் கொண்டுபோறாங்க, எங்களால ஒண்ணும் பண்ண முடியலையேன்னு. அத ஏன் சொல்லாம விட்டீங்க?"

உண்மைதான். அந்த இடம் எனக்குத் தெரியும். ஒரு பக்கம் மதில் எழும்பிக்கொண்டிருக்கிறது, மறுபக்கம் பஞ்சமும் வரியும் தாங்காமல் பிள்ளைகள் அடிமையாகப் போகிறார்கள். பெண்கள் கட்டினார்கள் என்ற என் பெருமைக்கு அது இடைஞ்சலாக இருந்தது, நேரம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாண்டிவிட்டேன். அதை அவர்கள் முன்னால் சொன்னேன். அழுதேன். அவர்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அவர்கள் என்னைத் திட்டியிருக்கலாம்.

மத்தியானம் மேஸ்திரி தனியாகக் கட்டிக்கொண்டிருந்தார். நான் செங்கல் எடுத்துக் கொடுத்தேன். ஒரு கல்லைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை எனக்கு. தூக்குக்குண்டு அந்தப்பக்கம் கிடந்தது. சாரம் காலியாக இருந்தது. மேஸ்திரி அதன் கீழே போகாமல், கோயிலை முழுக்கச் சுற்றிப் போய் எடுத்துக்கொண்டு சுற்றியே வந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"மேஸ்திரி, என்னை மன்னிக்கணும்."

"யாபாடே, சயாமா."

"எங்கே போயிருக்கிறார்கள்? யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா?"

அவர் கல்லைத் தட்டி உட்கார வைத்தார். "சோறு திங்கப் போயிருக்காங்க" என்றார்.

வெயில் இறங்கும் வரை கட்டினோம். கலவைச் சட்டியைக் கழுவும்போது அவரே கேட்டார்.

"அந்த சல்லூமுக்கு எத்தன பொண்ணுங்க சயாமா?"

"எழுதவில்லை."

"பேரும் இல்ல?"

"இல்லை."

"அந்தாளு கெட்டிக்காரன்" என்றார். "பட்டியல் எழுத வந்தவன்கிட்ட, நானும் எம் பொண்ணுங்களும்னு மட்டும் சொல்லி அனுப்பியிருக்கான். தேடி வர்றவனுக்கு எத்தன பேருன்னே தெரியாது பாருங்க."

இருபது வருடமாக நான் சல்லூமின் வீட்டுக்காக அந்தப் பட்டியல் எழுதியவனோடு சண்டை போட்டிருக்கிறேன். சல்லூம் என்ன நினைத்தான் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. மேஸ்திரி சொன்னதுதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்களின் பெயரை அழித்தது ஆணின் அலட்சியமாகவே இருக்கலாம். ஆனால் இனிமேல் அந்த வரியை என்னால் பழைய கோபத்தோடு படிக்க முடியாது.

நான் கிளம்பிய அன்று காலை மதிலில் முழங்கை அளவு இடைவெளி பாக்கி இருந்தது. டோ ரூத் மொய்ங்கா வைத்தார், ஒரு வாய்கூட இறங்கவில்லை. இன்னும் செய்தி இல்லை என்றார். ஊருக்கு வந்து எட்டு வாரம் ஆகிறது. மழை தொடங்கிவிட்டது. மதில் நிற்கிறது என்று அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. நான் கேட்ட மற்றக் கேள்விக்கு அதில் பதில் இல்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

எங்கள் பெண்கள் சங்கப் பத்திரிகைக்குக் கட்டுரை கேட்டார்கள். மதில் கட்டிய பெண்களின் படமும் பெயரும் கட்டாயம் வேண்டும் என்றார்கள். படங்களை எல்லாம் அழித்துவிட்டேன். லீதியாள் சாரத்தின் மேல் நின்று கரண்டியை ஆட்டுகிற படத்தை அழிக்க ஒரு நாள் முழுக்க ஆயிற்று.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். மேஸ்திரியின் பெயர் சாமுவேல் அல்ல. டோ ரூத்தின் பெயர் ரூத் அல்ல. அந்தக் கோயில் தாகேதாவில் இல்லை. மேஸ்திரிக்கு இரண்டு மகள்கள் என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்கும் சரியில்லை.